மூன்று பேர் கட்சி மாற இருந்த வாரம்

பெரும்பான்மைக்கு ஆளுங்கட்சியில் மூன்று பேர் குறைந்தார்கள். வெள்ளிக்கிழமை சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. செவ்வாய்க்கிழமை காலையில் எம்.எல்.ஏ. மருதையன் மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்தார்.

அவருக்கு அறுபத்தொரு வயது. ஆசிரமத்தின் குரு உலகம்மைக்கு நாற்பத்து மூன்று. மருதையன், மனைவி இறந்த வருஷம் துக்கம் தாங்காமல் இங்கே வந்து உட்கார்ந்தவர், ஒன்பது வருஷமாக உலகம்மையின் சீடர்.

“அம்மா, கட்சி மாறுவது தப்பா?”

“எதற்கு மாற வேண்டும்?”

“எங்கள் கட்சியில் நாங்கள் நாலே பேர். மூன்று பேர் சேர்ந்து ஆளுங்கட்சியில் இணைந்துவிட்டால் பதவி போகாது. சட்டத்தில் இடம் இருக்கிறது. மற்ற இரண்டு பேரும் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மந்திரி பதவி தருகிறார்கள். எங்கள் ஆற்றுக்குப் பாலமும் கட்டித் தருகிறார்கள்.”

“நாலாவது ஆள்?”

“எங்கள் தலைவர். அவர் வர மாட்டார்.”

“அவரிடம் சொன்னீர்களா?”

மருதையன் தலையைக் குனிந்துகொண்டார்.

“சட்டத்தில் இடம் இருக்கிறது. பாலம் வருகிறது. அப்புறம் என்னிடம் எதற்கு வந்தீர்கள், ஐயா?”

“மனசு ஒப்பவில்லை, அம்மா.”

உலகம்மை சிரித்தார். “உங்களுக்காக ஓட்டுக் கேட்டு அதிகமாக அலைந்தது யார்?”

“ஆவுடைத்தாய். அக்கரையில் செம்பாறைக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறாள்.”

“செருப்பைப் போடுங்கள். போவோம்.”

இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். ஆற்றங்கரையில் இறங்கிப் படகுக்குக் காத்திருந்தார்கள். போன ஐப்பசி வெள்ளத்தில் ஒரு பெண் பிரசவ வலியோடு ஒரு பகல் முழுக்க அக்கரையிலேயே கிடந்ததை மருதையன் சொன்னார். பாலம் வேண்டும் என்று அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. உலகம்மைக்கு அது தெரியும். அவர் கையை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

ஆவுடைத்தாய் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். “வாங்க அண்ணாச்சி. சாமியாரம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கீங்க. என்ன விஷயம்?”

மருதையன் உலகம்மையைப் பார்த்தார். உலகம்மை ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அங்கே கிடந்த ஒரு பாவாடையை மடிக்கத் தொடங்கினார். வேறு வழியில்லாமல் மருதையனே எல்லாவற்றையும் சொன்னார். மந்திரி பதவியையும் மறைக்கவில்லை.

ஆவுடைத்தாய் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்போ எங்க அண்ணனும் நானும் இனிமே ஒரே கட்சியா?”

அவளுடைய அண்ணன் அந்த ஊரில் ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். இவள் மருதையனுக்காகத் தெருவில் இறங்கிய நாளிலிருந்து அவன் பேசுவதில்லை.

“ஆமாம்மா.”

“எம் மவ கல்யாணத்துக்குத் தாய்மாமன் இல்லாம நின்னோமே, அண்ணாச்சி. ஒரே கட்சின்னு முன்னாலேயே சொல்லியிருந்தா அவன் வந்திருப்பானே.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் மருதையனை என்னவோ செய்தது. அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“மன்னிச்சிருமா. பாலம் வேண்டாம்னு சொல்லிடுறேன்.”

“பாலத்தை ஏன் வேண்டாங்கீங்க?” அவள் குரல் உயர்ந்தது. “நம்ம கட்சியில இருந்துகிட்டே அவங்களுக்குக் கை குடுத்துப் பாலத்தக் கேளுங்க. எனக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும். எதுத்து ஓட்டுக் கேட்டவ நானு. ஆனா அண்ணன் முன்னால நின்னு சொல்லுவேன், பாலத்துக்காகச் சேந்திருக்கோம், பாலம் வரலைன்னா விலகிருவோம்னு. நீங்க அவங்களாவே ஆயிட்டா நான் என்னத்தச் சொல்ல?”

உலகம்மை பாவாடையை மடித்து வைத்தார்.

மருதையன் அங்கிருந்தே தலைவருக்குப் போன் செய்தார். மூன்று பேர் விலக இருந்ததையும் சொன்னார். தலைவர் நன்றாகத் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, “சரி, வந்து சேரு. பேசுவோம்” என்றார்.

வியாழக்கிழமை நான்கு பேரும் பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். தங்கள் கட்சியிலேயே இருந்துகொண்டு அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு தருவதாகவும், ஆறு மாதத்தில் பால வேலை தொடங்காவிட்டால் விலகுவதாகவும் சொன்னார்கள். வேறு வழியில்லாத ஆளுங்கட்சி ஒப்புக்கொண்டது. வெள்ளிக்கிழமை ஆட்சி பிழைத்தது. மந்திரி பதவி, கட்சியில் இணைபவருக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

நாலு மாதத்தில் ஆற்றில் இரண்டு தூண் எழும்பின. அப்புறம் வேலை நின்றது. மருதையன் சட்டமன்றத்தில் எழுந்து, ஆதரவை விலக்கிக்கொள்ள நாள் குறித்தார். அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பு ஜல்லி லாரிகள் திரும்ப வந்தன.

மூன்றாவது தூணுக்குக் கான்கிரீட் போட்ட அன்று அவர் ஆசிரமத்துக்கு வந்தார். உலகம்மை அவருக்கு மோர் கொடுத்தார்.

“அம்மா, அன்றைக்கு நான் கேட்டதற்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை.”

“சொல்லவில்லையா?”

“ஒரு வார்த்தைகூட இல்லை. பாவாடைதான் மடித்தீர்கள்.”

உலகம்மை சிரித்தார். மருதையன் சிரிக்கவில்லை.

“எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா. அடுத்த தேர்தலுக்குப் பிறகும் கூப்பிடுவார்கள். இதைவிடப் பெரிதாக ஏதாவது தருவார்கள். நான் ரொம்பத் திடமான ஆள் இல்லை. அப்போது இங்கே வந்தால் எனக்கு வழி சொல்வீர்களா?”

உலகம்மை காலி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“என்னைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், ஐயா. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் உங்களுக்கு ஓட்டுப் போட்டவள் இல்லை.”