பாதுகை என்றால் ஆட்சேபணை இல்லை

சீடன் என்றதும் அரும்பு மீசைப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் சபாபதி சாருக்கு அப்போது அறுபத்தைந்து வயது. ரிட்டயரான ஹெட்மாஸ்டர். குரு வெயிலாத்தா சாமிக்கு நாற்பத்தாறு. பஞ்சாலையில் பத்து வருஷம் நூல் முடிச்சுப் போட்டுவிட்டு, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு சமரச நிலையம் ஆரம்பித்தவர். நான் ராக்கு, அந்த நிலையத்தில் உலை வைக்கிறவள். நடந்ததை நடந்தபடி சொல்வேன், அலங்காரமெல்லாம் எனக்கு வராது.

இப்போது சேவூரணி மேலத்தெருவில் யார் யாரோ செருப்புப் போட்டுக்கொண்டு போகிறார்கள். போனில் சத்தமாகப் பேசிக்கொண்டே போகிறார்கள். என்னமோ ஆதியிலிருந்தே இப்படித்தான் என்கிற மாதிரி. பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதெல்லாம் கீழத்தெரு ஆள் எவராக இருந்தாலும் பிள்ளையார் கோவில் முக்கில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தெரு முடிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். போர்டு கிடையாது. சட்டம் கிடையாது. முக்கு வந்ததும் கால் தானாகக் கழற்றிவிடும், அவ்வளவு பழக்கம். சாமியும் நானும் கீழத்தெரு. சபாபதி சார் மேலத்தெரு. அந்தத் தெருவுக்கே பெரியவராக இருந்த அம்பலவாணரின் உடன்பிறந்த தம்பி.

குறை சொல்லக் கூடாது, சார் தங்கமான மனுஷர். வீட்டை விட்டு வந்து எங்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். "என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணும்" என்று சாமியிடம் அடம்பிடித்தார். சாமியும் சபாபதி என்றுதான் கூப்பிடுவார், ஆனால் ஒருநாளும் 'நீ' என்றதில்லை.

வந்த அன்றைக்கே சார் செருப்பை விட்டார். "இவங்க போட முடியாத செருப்பு எனக்கும் வேண்டாம்" என்றார். ஆறு வருஷம். பாதம் இரண்டும் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். நான் விளக்கெண்ணெய் எடுத்துக் கொடுப்பேன். மேலத்தெருக்காரர்களே அவரைப் பார்த்து மகான் என்று கும்பிட்டார்கள். அவர்களுக்கு என்ன நஷ்டம், கும்பிட்டால்?

சாமி மட்டும் டயர் செருப்பு போட்டிருப்பார். துறவிக்கு எதற்குச் செருப்பு என்று ஊரே கேட்டது. சார் கேட்காமல் இருப்பாரா?

"புளியை விட்டீங்க, காரத்தை விட்டீங்க, வீடு வாசலை விட்டீங்க. செருப்பை மட்டும் ஏன் சாமி விடல?"

"முள்ளு குத்தும்."

சார் உடனே நோட்டை எடுத்தார்.

"முள்ளுன்னா அகங்காரமா சாமி?"

"கருவேல முள்ளு."

சார் அதையும் எழுதிக்கொண்டார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாமியார் ஆன பிறகு சாமி மேலத்தெருவுக்குள் போனதே இல்லை. டவுன் பஸ் பிடிக்க வேண்டுமென்றால்கூட குளத்தங்கரையைச் சுற்றித்தான் போவார். செருப்போடு ஒருநாள் போய்ப் பார்த்தால் என்ன என்று நான் கேட்டேன். "நான் போனா சாமியாருன்னு விட்டுருவாங்க ராக்கு. அதுல உனக்கு என்ன லாபம்?" என்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை.

இப்படி இருக்கும்போது என் அக்கா மகள் செல்லக்கிளிக்கு டீச்சர் வேலை கிடைத்தது. எங்கே? மேலத்தெரு நடுவில் இருக்கிற பள்ளிக்கூடத்தில். மூன்றாம் வகுப்பு. திங்கட்கிழமை சேர வேண்டும். எங்கள் தெருவில் இருந்து முதல் டீச்சர்.

ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள். சந்தோஷமாக வந்தவள் என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"சித்தி, செருப்பைத் தூக்கிட்டுப் போற கையாலயா நான் சாக்பீஸ் பிடிக்கிறது? பிள்ளைங்க சன்னல் வழியா பார்த்துக்கிட்டே இருக்குமே. அப்புறம் நான் சொல்றதை அதுங்க கேட்குமா?"

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"செருப்பு இருக்கா உனக்கு?"

"புதுசா வாங்கினேன் சாமி. நீங்க வாங்கின அதே ஆள்கிட்டதான்."

"போட்டுக்கிட்டு வா. திங்கக்கிழமை நானும் வர்றேன். ராக்குவும் வருவா."

நான் வருவேன் என்று யார் சொன்னது? ஆனாலும் தலையை ஆட்டிவிட்டேன்.

சபாபதி சாருக்கு முகம் வெளுத்துப்போனது.

"சாமி, வெட்டுக்குத்து ஆயிரும். எனக்கு ரெண்டு நாள் கொடுங்க. அண்ணன்கிட்ட நான் பேசுறேன்."

"பேசுங்க."

சனிக்கிழமை போனவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். வாசலிலேயே சிரிப்பு. கையில் ஒரு வெள்ளித் தாம்பாளம்.

"சாமி, ஜெயிச்சுட்டோம்! அண்ணன் ஒத்துக்கிட்டார்."

"என்னன்னு?"

"நாளைக்கு உங்க பாதுகையை இந்தத் தாம்பாளத்துல வச்சு, என் தலையில தூக்கிக்கிட்டு மேலத்தெரு முழுக்க நடக்கப்போறேன். நாயனம் உண்டு. அண்ணனே பூரண கும்பத்தோட எதிர்ல வர்றேன்னார். யோசிச்சுப் பாருங்க சாமி! கீழத்தெருவில பொறந்த குருவோட பாதுகை, மேலத்தெருக்காரன் தலையில! இந்த ஜில்லாவுலயே நடந்திருக்கா?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கே புல்லரித்துவிட்டது.

"சாமி செருப்பு தெருவுக்குள்ள வரலாம்னாரா?" என்று கேட்டேன்.

"பாதுகைன்னா ஆட்சேபணை இல்லைன்னுட்டார். செருப்புன்னாத்தான் வழக்கம் கெடுமாம்."

"அந்த நேரம் நான் என்ன போட்டு நடப்பேன்?" என்றார் சாமி.

சார் கொஞ்சம் தடுமாறினார். "அது... நீங்க வெறுங்காலோட பின்னால வரலாம் சாமி. துறவிதானே."

"செல்லக்கிளி?"

"அந்தப் பொண்ணு இப்போதைக்குக் குளத்தங்கரை வழியா சத்துணவுக்கூடத்துப் பின்வாசல்ல போகட்டும். ஒரு ரெண்டு வருஷம். படிப்படியாத்தானே சாமி எதையும் மாத்த முடியும்?"

செல்லக்கிளி என் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சாமி எழுந்து வாசலுக்குப் போனார். தன் செருப்பில் ஒன்றை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார்.

"இது என்ன சபாபதி?"

சார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாதுகை சாமி."

செல்லக்கிளியின் செருப்பில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது?"

சார் அதைத் தொடவில்லை. வாத்தியாராக முப்பது வருஷம் கேள்வி கேட்டவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பையன் மாதிரி நின்றார்.

"ரெண்டும் ஒரே டயர்ல வெட்டினது," என்றார் சாமி. "அந்தச் செருப்பு தைக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. உங்க அண்ணனுக்குத் தெரியுது. உங்களுக்கும் தெரியுது."

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமும் வந்தது. அவர் கோபப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நான் விட்டேனே சாமி! ஆறு வருஷமா வெயில்ல வேகுறேனே! நீங்களும் அன்னைக்கே செருப்பை விட்டிருந்தா இந்தச் சண்டையே இல்லையே! எல்லாத்தையும் துறந்தவங்களுக்கு இது ஒண்ணுதானா பெரிசு?"

சாமி கோபப்படவில்லை. தன் செருப்பைத் தாம்பாளத்திலிருந்து எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டார்.

"உங்ககிட்ட இருந்துச்சு, துறந்தீங்க. எங்க ஆத்தாகிட்ட எப்ப இருந்துச்சு?"

சார் நோட்டை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குக் கிளம்பினோம். சாமி, செல்லக்கிளி, நான். எனக்கும் ஒரு செருப்பு வாங்கிவைத்திருந்தார் சாமி. நாற்பது வயசுக்கு மேல் முதல்முதலாகச் செருப்புப் போட்டவள் நான். குதிகால் தேய்ந்து ரத்தமே வந்துவிட்டது. பயத்தில் அதுகூடத் தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் சபாபதி சார் வெறுங்காலோடு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

பிள்ளையார் கோவில் முக்கு வந்தது. என் கால் தானாக நின்றது, பாழாய்ப்போன கால். சாமி திரும்பிப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அடியை வைத்தேன்.

தெருவுக்குள் பதினைந்து இருபது பேர் நின்றார்கள். நடுவில் அம்பலவாணர். இரண்டு பேர் கையில் கம்பு. மாடியில் பொம்பளைகள். பள்ளிக்கூடத்துச் சன்னலில் பிள்ளைகளின் தலை வரிசையாகத் தெரிந்தது.

அம்பலவாணர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"சாமியாரம்மா, நீங்க தாராளமா வாங்க. உங்க காலைப் பத்தி யாரும் கேட்க மாட்டோம். பின்னால வர்றதுங்க ரெண்டும் கழட்டிட்டு வரட்டும்."

"வர்றதுங்க இல்ல. வர்றவங்க," என்றார் சாமி. "அதுல ஒருத்தங்க டீச்சர்."

"டீச்சரா இருந்தா என்ன? கலெக்டரா இருந்தா என்ன? இது எங்க தெரு. எங்க பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம்."

"உங்க பாட்டன் காலத்துல இங்க தார் ரோடு இருந்துச்சா?"

"அதுக்கு என்ன இப்போ?"

"இந்தத் தாரை ஊத்தினது எங்க ஐயா. காய்ச்சின தாரு மேல நடக்கணும்னு காலுல ஈரச் சாக்கைச் சுத்திக்கிட்டு ஊத்தினாரு. சாக்கு பொசுங்கி கால் வெந்துச்சு. ரோடு போட்டு முடிஞ்ச அன்னைக்கு அதே காலோட, செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு இதே ரோட்டு வழியா வீட்டுக்கு வந்தாரு. நான் பக்கத்துல நடந்து வந்தேன். எனக்கு ஏழு வயசு."

அத்தனை வருஷம் கூட இருந்த எனக்கே அவர் அப்பாவைப் பற்றி அன்றைக்குத்தான் தெரியும்.

கம்பு வைத்திருந்தவன் ஒருவன், "என்ன பெரியப்பா பேசிக்கிட்டு இருக்கீங்க, நாலு சாத்து சாத்தினா தானா கழட்டுவாளுக!" என்று முன்னால் வந்தான்.

"அடி," என்றார் சாமி. "கால்ல அடி. உடைஞ்சாலும் செருப்போடதான் கிடக்கும்."

அப்போதுதான் சபாபதி சார் அந்தக் காரியத்தைச் செய்தார். "அண்ணே!" என்று கத்திக்கொண்டு ஓடி, நடுரோட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அண்ணனின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன். எனக்காக விடுங்க அண்ணே. இந்தத் தம்பிக்காக விடுங்க. இதுவரைக்கும் உங்ககிட்ட எதுவுமே கேட்டதில்லையே!"

மாடியில் யாரோ அழுதார்கள். அம்பலவாணருக்கும் முகம் கோணியது. என்ன இருந்தாலும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். கம்பு வைத்திருந்தவனைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எந்திரிடா சபாபதி. சரி. உன் முகத்துக்காக. இன்னைக்கு ஒரு நாள் போகட்டும்."

"கேட்டீங்களா சாமி?" சார் படுத்தபடியே தலையைத் திருப்பினார். கண்ணீரும் சிரிப்புமாக இருந்தது முகம். "அண்ணன் விட்டுட்டார்! இன்னைக்கு ஒரு நாள் விட்டுட்டார்!"

முதலில் வாயைத் திறந்தது செல்லக்கிளி. அவ்வளவு நேரம் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தவள், விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"வருஷத்துக்கு இருநூத்திச் சொச்சம் நாள் ஸ்கூல் இருக்கு ஐயா," என்றாள்.

அம்பலவாணர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். கீழத்தெருப் பெண் ஒருத்தி தன் முகத்தைப் பார்த்துப் பேசி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது.

"சாமி, நீங்க சொல்லுங்க," என்று கெஞ்சினார் சார். ரோட்டுக்குக் குறுக்கே அப்படியே கிடந்தார், கை இன்னும் அண்ணன் காலில். "கிடைச்சதை இன்னைக்கு வாங்கிக்குவோம். மிச்சத்தை நான் மெதுமெதுவாக் கேட்டு உங்களுக்கு வாங்கித் தர்றேன். எவ்வளவு வருஷம் ஆனாலும் வாங்கித் தர்றேன் சாமி."

பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்தது. செல்லக்கிளி அடுத்த அடி வைக்கக் காலைத் தூக்கினாள். சாரைத் தாண்டக் கூசி, அந்தக் காலை வைக்க இடமில்லாமல் நின்றாள்.

சாமி சாரின் பக்கத்தில் குனிந்தார். அவ்வளவு பிரியமாக அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

"எந்திரிங்க சபாபதி," என்றார். "வழியில கிடக்கீங்க."