அமைச்சர் கண்ட வளர்ச்சி

கொன்றையூர் அரசர் கனகசேனருக்குத் திடீரென்று வளர்ச்சிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஏற்றிவிட்டவர் அமைச்சர் சம்புநாதர். "நாட்டில் எல்லாமே வருடா வருடம் வளர வேண்டும். வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பவர் யாராயிருந்தாலும் நாடு கடத்தல்!" என்று ஓலையில் சட்டம் எழுதி, முத்திரையும் குத்தியாயிற்று.

முதலில் மாட்டியது, பாய் நெய்யும் கோரைக்கரை ஊர். போன வருடம் ஆயிரம் பாய். இந்த வருடமும் அதே ஆயிரம்தான்.

"ஏன் கூடவில்லை?" என்று அதட்டினார் அரசர்.

"மகாராசா, படுக்கிற எல்லாருக்கும் பாய் இருக்கு," என்றார் ஊர்த் தலைவர் காத்தப்பர். "அளவுக்கு மேல அறுத்தா ஆத்தங்கரையில கோரையே மிஞ்சாது. மிச்ச நாளுக்குக் கூத்துக் கட்டினோம். நல்லாத்தான் இருக்கோம்."

"கூத்தா! நாற்பது குடும்பமும் நாளைக்கே எல்லையைத் தாண்ட வேண்டும்," என்றார் சம்புநாதர்.

அரசவை விகடர் மாசிலாமணிக்கு மனசு பொறுக்கவில்லை. நன்றாக இருக்கிறோம் என்று சொன்னதற்கா தண்டனை? அமைச்சரை ஏற இறங்கப் பார்த்தார். மனிதர் மூன்று நாளாக இருக்கையில் உட்காரவே இல்லை. உட்காரும் இடத்தில் கட்டி! சபை கலைந்ததும் வைத்தியர் கீறுவதாக ஏற்பாடு.

மாசிலாமணி வாசலுக்கு ஓடினார். அங்கே கத்தியும் கையுமாகக் காத்திருந்த வைத்தியரை இழுத்து வந்து சபை நடுவே நிறுத்தினார்.

"அரசே, இன்னொரு குற்றவாளி! முந்தாநாள் எலுமிச்சை, நேற்று மாதுளை என்று உங்கள் ஆணைப்படி ஒழுங்காக வளர்ந்துவரும் ஒன்றை இவர் அறுக்கப் போகிறாராம்!"

"எதை?"

"அமைச்சரின் கட்டியை. நாட்டிலேயே சட்டத்தை மதிப்பது அது ஒன்றுதான். விட்டால் பொங்கலுக்குள் பூசணி ஆகிவிடும்."

சபை குலுங்கியது. அரசர் மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சட்டம் சட்டம்தான். வைத்தியரே, கத்தியை உள்ளே வையும்."

"ஐயோ மன்னா!" என்று அலறினார் சம்புநாதர். "உடம்பில் எதுவும் ஓர் அளவுக்குத்தான் வளரலாம். அதற்கு மேல் வளர்ந்தால் ஆளையே தின்றுவிடும்!"

"அதையேதான் காத்தப்பரும் சொன்னார்," என்றார் மாசிலாமணி. "அவர் அலறாமல் சொன்னதால் நம் காதில் விழவில்லை."

அரசர் காத்தப்பரை ஒரு கணம் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணியின் கழுத்தில் போட்டார். "கோரைக்கரைக்காரர்கள் ஊருக்குப் போகலாம். அடுத்த கூத்துக்கு எனக்கும் ஓர் இடம் போட்டு வையுங்கள்."

"கட்டி?" என்று முனகினார் சம்புநாதர்.

"முதலில் சட்டத்தைக் கிழியும். கட்டியை அப்புறம் கீறலாம்."

அமைச்சர் அந்த ஓலையைப் பல்லாலேயே கிழித்தார்.