புலிக்கு முதுகைக் காட்டி நின்றவர்

"மேடம், இந்தப் பிள்ளைகளுக்குக் கண்ணு எதுக்கு இருக்குன்னே எனக்குத் தெரியல" என்றார் உலகநாதன்.

அருங்காட்சியகத்துக்கு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பழைய ஓவியங்களைக் காட்டி விளக்கம் சொல்லுகிறவர் அவர். ஜெசிந்தா மேடம் அங்கே காப்பாட்சியர். வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவர். ஆனாலும் மனசுக்குள் ஒரு சந்தேகம் வந்துவிட்டால் உலகநாதனுக்குக் கால் தானாக மேடம் அறைக்குத்தான் போகும். ஒருவரைக் குரு என்று எடுத்துக்கொண்ட பிறகு வயசாவது மண்ணாவது.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"வேட்டைப் படத்துக்கு முன்னால நிறுத்தி உயிரைக் குடுத்துப் பேசுதேன். ஜமீன் வரலாறு சொல்லுதேன். மலைக்காடு சொல்லுதேன். புலி எப்படிப் பதுங்கும், எப்படிப் பாயும்னு எல்லாம் சொல்லுதேன். ஒரு பிள்ளை ஒரு கேள்வி கேக்கணுமே! ஒருத்தி கொட்டாவி விடுதா. ஒருத்தன் சட்டைக் காலரைச் சப்பிக்கிட்டு நிக்கான்."

"ம்."

"ம்முன்னா என்ன அர்த்தம்? ஒரு வழி சொல்லுங்க. நாளைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க வருது. அதுவும் இப்படியே போச்சுன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருவேன். பிள்ளைகளுக்குக் காட்டத் தெரியாதவனுக்கு இங்க என்ன ஜோலி?"

பாவம், மனுஷனுக்கு அந்த வேலை என்றால் உயிர்.



"நாளைக்கும் எப்பவும்போலவே பேசுங்க அண்ணாச்சி. ஒரு வார்த்தைகூட மாத்த வேண்டாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இதுவும் ஒரு வழியா என்று முணுமுணுத்துக்கொண்டே போனார் உலகநாதன்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகள் எதையாவது தொட்டுவிடுமோ, உடைத்துவிடுமோ என்று ஓயாத பயம். அதனால் பிள்ளைகள் மேலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டார். கூடத்துக்குள் நுழையும்போதே திரும்பி நின்று, "வாங்க, வாங்க, வரிசை, வரிசை" என்று பின்பக்கமாகவே நடந்துபோவார். படத்தடியில் வந்ததும் நின்றுகொள்வார். கையில் ஒரு பிரம்பு. அதைத் தோளுக்குப் பின்னால் நீட்டித்தான் படத்தைக் காட்டுவார்.

மறுநாளும் அப்படித்தான் வந்தார். அப்படித்தான் நின்றார்.

"பிள்ளைகளா, எல்லாரும் கையைக் கட்டுங்க. இதோ பாருங்க, இவர்தான் ஜமீன்தார். குதிரை மேல எவ்வளவு கம்பீரமா இருக்காரு பாருங்க!"

பிள்ளைகள் பார்த்தன. அடேயப்பா, அப்படி ஒரு பார்வை! அத்தனை கண்ணும் அவர் தலைக்கு மேலே. கொட்டாவி இல்லை, காலர் சப்பல் இல்லை. உலகநாதனுக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது.

"மலையில மூங்கில் காடு. காட்டுக்குள்ளேருந்து முரட்டு ஆண் புலி ஒண்ணு பாயுது. ஜமீன்தார் அசரல. ஈட்டியை ஓங்கிட்டாரு!"

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ரெட்டைச்சடை போட்ட ஒரு பெண் மெல்லக் கையைத் தூக்கினாள்.

கேள்வி! உலகநாதனுக்குக் கண் கலங்கிப் போச்சு.

"கேளும்மா, கேளு, பயப்படாதே."

"புலி எங்க சார்?"

"இதோ, இந்தா இருக்குல்லா" என்று பிரம்பைப் பின்னால் நீட்டித் தட்டினார்.

டக் என்றது. சுவரில் தட்டுகிற சத்தம்.

திரும்பினார்.

படம் இல்லை. ரெண்டு ஆணி இருந்தது. படம் தொங்கிய இடத்தில் மட்டும் சுண்ணாம்பு அழுக்குப்படாமல் வெள்ளையாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

பிரம்பு கீழே விழுந்தது.

"ஏ பிள்ளைகளா... படம் இல்லைன்னு முதல்லயே ஒருத்தராவது சொல்லக் கூடாதா?"

அந்தப் பெண்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நீங்க பார்த்துட்டுத்தான் சொல்றீங்கன்னு நெனச்சோம் சார்."

அடுத்த அறை வாசலில் ஜெசிந்தா மேடம் நின்றுகொண்டிருந்தார், கழற்றிய வேட்டைப் படத்தைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு. உலகநாதன் பாய்ந்து போனார்.

"பிள்ளைங்க முன்னால என் மானத்தை வாங்கிட்டீங்களே மேடம்! இதுக்கு என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளியிருக்கலாமே!"

"படத்தை மாட்டணும் அண்ணாச்சி. ஒரு பக்கம் பிடிங்க."

கோபத்திலும் பிடித்தார். குருவின் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை. ஆளுயரப் படம். மேடம் ஒரு சட்டத்தைப் பிடிக்க, இவர் மறு சட்டத்தைப் பிடிக்க, படத்தின் முகம் அவர் முகத்துக்கு நேரே வந்தது.

ரெண்டடி எடுத்து வைத்தார். நின்றுவிட்டார்.

"மேடம்."

"ம்."

"இதை இறக்கி வைங்க."

இறக்கி வைத்தார்கள். உலகநாதன் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் வரிசையை உடைத்துக்கொண்டு ஓடி வந்து அவர் தோள்மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தன. வரிசை, வரிசை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"சார், புலி கால்ல கயிறு!" என்று ஒரு பையன் கத்தினான். "பின்னங்காலைப் பாருங்க. மரத்தோட சேத்துக் கட்டிப் போட்டிருக்காங்க!"

"பாயுதுன்னு சொன்னீங்களே சார்?"

"சார், விலா எலும்பெல்லாம் தெரியுது. பட்டினி போட்டுருக்காங்க சார்."

"குதிரையைப் பிடிச்சிருக்கவன் பயப்படவே இல்ல பாரு, சிரிக்கான்."

ரெட்டைச்சடைப் பெண் மண்டியிட்டுப் புலியின் அடிவயிற்றைப் பார்த்தாள். பிறகு உலகநாதனைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுப் பூனை குட்டி போட்டப்ப அதுக்கு வயிறு இப்படித்தான் சார் தொங்குச்சு. இது பால் குடுக்குற புலி. குட்டி எங்க சார்?"

பிள்ளைகள் அத்தனையும் அவர் வாயைப் பார்த்தன. எத்தனை நூறு பிள்ளைகளிடம் ஆண் புலி, ஆண் புலி என்று சொல்லி அனுப்பியிருப்பார்!

தலையைத் தூக்கி மேடத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இத்தனை நாள் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா மறுநாள்லேருந்து அதையும் சேத்துச் சொல்லியிருப்பீங்க அண்ணாச்சி, முதுகைக் காட்டிக்கிட்டே."