பத்தே நிமிடத்தில் மனை

திண்டிவனம் பேருந்து நிலையத்திலிருந்து பத்தே நிமிடத்தில் மனை என்று புரமோட்டர் தாமோதரன் விளம்பரம் செய்திருந்தார். உண்மையில் ஒரு மணி நேரப் பயணம். போய்ச் சேர்ந்தால் முள்காடு. அதனால் மனை பார்க்க வருபவர்கள் வேனை விட்டு இறங்குமுன் எல்லோருக்கும் வில்லாவைக் காட்டும் விஆர் கண்ணாடியை மாட்டிவிடுவார்.

"பத்து நிமிஷத்துல நிறுத்தலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே," என்றார் டிரைவர் ஏழுமலையிடம்.

திரை போட்ட வேன் எங்கெங்கோ வளைந்து பத்தாவது நிமிடம் நின்றது. தாமோதரனும் கண்ணாடியோடு இறங்கினார்.

"காத்து எவ்வளவு சுத்தம் பாருங்க."

"செஞ்சி, செஞ்சி" என்று ஒரு குரல் கூவியது.

"வில்லாவுக்குள்ளயே பஸ் வருதா சார்?" என்று குழம்பினார் ஓர் அம்மாள்.

தாமோதரன் கண்ணாடியைக் கழற்றினார். கிளம்பிய அதே பேருந்து நிலையம்.

"வில்லா கண்ணாடிக்குள்ளதானே சார் இருக்கு? எங்க நிறுத்தினாலும் தெரியும். நாளைக்கு வரட்டுமா?" என்றான் ஏழுமலை.

அந்த அம்மாள் செஞ்சி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். தாமோதரன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.