கழுவாத ஸ்லைடு

துறைமுக ஊரொன்றின் மலேரியா பரிசோதனைக் கூடத்தில் கஸ்பார் ஸ்லைடு படிப்பவர்; கண்ணாடித் துண்டில் தடவிய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்துக் கிருமி தேடுபவர். வயது முப்பத்து நான்கு. மனைவி, ஒரு மகள். நான்காவது முறை நுழைவுத்தேர்வு எழுதி, டாக்டர் படிப்புக்கான மதிப்பெண்ணை எடுத்துவிட்டார்.

கூடத்தின் தலைவர் டாக்டர் தாஹிரா. கஸ்பாரைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் கஸ்பார் அவரைக் குரு என்றுதான் சொல்வார்.

"குருவுக்கு முடி கருகருன்னு இருக்கு. சிஷ்யனுக்குத்தான் பாதி நரை" என்பார் கூடத்தைப் பெருக்கும் மாடத்தி.

அன்று மாலை ஐந்து மணிக்குள் கல்லூரிகளின் விருப்ப வரிசையை இணையதளத்தில் பூட்டியாக வேண்டும். விட்டால், கடைசியாகச் சேமித்த வரிசையே பூட்டிக்கொள்ளும். கஸ்பாரின் மதிப்பெண்ணுக்கு மூன்று கல்லூரிகளில் இடம் உண்டு. எதை முதலில் போடுகிறாரோ அதுதான் வாழ்க்கை.

நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அவர் தாஹிராவின் மேசைக்கு முன் நின்றார்.

"மேடம், எதை முதல்ல போட?"

"எதுக்குப் படிக்கப் போறீங்க?"

"தெரியாத மாதிரி கேக்கீங்களே. உப்பளத்து ஆளுகளுக்கு மட்டும் காய்ச்சல் ஏன் திரும்பத் திரும்ப வருது? அதைத் தேடணும். கிளினிக் வைக்கவா இந்த வயசுல படிக்கேன்?"

"சரி. வரிசையை எப்படிப் போட்டீங்க?"

கஸ்பார் நோட்டை விரித்தார். பத்து வருடத்தில் ஒவ்வொரு கல்லூரியும் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளை எண்ணி வைத்திருந்தார். தலைநகரத்துக் கல்லூரி நானூற்றுப் பன்னிரண்டு. ஆற்றங்கரைக் கல்லூரி தொண்ணூற்றேழு. மலையடிவாரக் கல்லூரி பதினொன்று.

"எல்லாத்தையும் எண்ணினீங்களா?"

"ஒண்ணு விடாம."

தாஹிரா மேசைத் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார்.

"மூணு காலேஜ் லேபுக்கும் போன் போடுங்க. ஒரே கேள்வி. கிருமி 'இல்லை'ன்னு எழுதின ஸ்லைடை எத்தனை நாள் வச்சிருப்பீங்கன்னு கேளுங்க."

"இதையா?"

"இதை மட்டும்."

கஸ்பாருக்கு எரிச்சல். வாழ்க்கையைக் கேட்டால் கண்ணாடித் துண்டைப் பற்றிக் கேட்கச் சொல்கிறார். ஆனாலும் எண்ணை அழுத்தினார்.

தலைநகரத்தில் முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"இல்லைன்னு ஆனதை எதுக்குங்க வைக்கணும்? சாயங்காலமே கழுவிடுவோம். நீங்க யாரு? கம்ப்ளெயின்ட் எதுவுமா?"

ஆற்றங்கரையில் ஒரு பெண் பேசினார். "மூணு மாசம் சார். பெட்டியிலதான் இருக்கும். இதுவரைக்கும் யாரும் திறந்ததில்லை."

மலையடிவாரத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். காத்திருப்பவனுக்குக் கடிகாரத்தின் பெரிய முள் மட்டும்தான் தெரியும். அது எட்டைத் தாண்டிய பிறகுதான் ஒருவர் எடுத்தார். கஸ்பார் கேள்வியைக் கேட்டார்.

"யாருய்யா அது? எந்த வருசத்து ஸ்லைடு வேணும்?"

"வருசமா?"

"எல்லாம் கெடக்கு, வைக்க இடமில்ல. ரெண்டாம் வருசம் படிக்கிற புள்ளை ஒண்ணு உக்காந்து பழசையெல்லாம் படிச்சு, நாங்க எழுதினதுல ஒம்பது தப்பு கண்டுபிடிச்சிருக்கு. எங்க பெரிய டாக்டர் அதை அச்சடிச்சு வாசல்லயே ஒட்டிட்டாரு. ஒம்பதுல நாலு என் கையெழுத்து. டீ குடிக்கக்கூட அந்த வழியாப் போறதில்ல."

கஸ்பார் தொலைபேசியை வைத்தார்.

"மேடம், பதினோரு கட்டுரைதான். ஹாஸ்டல்ல தண்ணி கிடையாதாம். அந்தக் காலேஜ் பேரைச் சொன்னா என் மாமனார் எங்கே இருக்குன்னு கேப்பாரு."

தாஹிரா இழுப்பறையிலிருந்து ஒரு ஸ்லைடை எடுத்து வைத்தார்.

"படிங்க."

"மணி நாலே முக்கால் மேடம்."

"தெரியும்."

கஸ்பார் ஸ்லைடின் ஓரத்தைப் பார்த்தார். போன மாதம் பதினான்காம் தேதி. உப்பளத்துப் பெண் ஒருத்தி. பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவரேதான்.

ஒரு ஸ்லைடில் நூறு இடம் பார்க்காமல் இல்லை என்று எழுதக்கூடாது. அந்தக் கூடத்தின் சட்டம் அது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவரும் கஸ்பார்தான்.

எண்ணெய்த் துளி விட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். பத்து. இருபத்தைந்து. பக்கத்தில் கணினித் திரை விழித்திருந்தது, தலைநகரம் முதலில் என்று சேமித்த வரிசையோடு. நாற்பது. ஐம்பது. வியர்வை இமையில் இறங்கியது. ஐம்பதில் அவர் விரல் தானாக நின்றது. நின்ற இடம் அவருக்குத் தெரிந்த இடம்.

மறுபடி திருகினார். அறுபத்து மூன்று. எழுபது.

எழுபத்தொன்றில் இருந்தது. சின்ன மோதிரம், அதில் ஒரு கல். மலேரியாக் கிருமி.

தலையை எடுக்காமலே கேட்டார்.

"அந்தம்மா?"

"முந்தாநாள் மருந்து ஆரம்பிச்சாச்சு. சாப்பிடுறாங்க. பிழைச்சுக்குவாங்க."

"அப்போ முந்தாநாளே தெரியும் உங்களுக்கு."

"ம்."

"சொல்லலையே?"

"சொன்னா நம்பியிருப்பீங்க. நீங்க பாக்கணும்."

கஸ்பார் நிமிர்ந்தார். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தார்.

"அன்னைக்கு என் பரீட்சை ரிசல்ட் வர்ற நாள் மேடம். ஐம்பதோட நிறுத்திட்டேன். நூறுன்னு எழுதினேன்."

வெளியே மாடத்தி வாளியை வைக்கும் சத்தம் கேட்டது. ஐந்துக்கு ஆறு நிமிடம் இருந்தது.

"பதிவேட்டுல?" என்றார் கஸ்பார்.

"உங்க கையாலேயே எழுதுங்க. அடிக்காதீங்க, அழிக்காதீங்க. பக்கத்துல எழுதுங்க."

எழுதினார். ஐம்பதில் நிறுத்தியதையும் எழுதினார். பேனா ஒரு இடத்தில் தாளைக் கிழித்தது.

"நானெல்லாம் ஆராய்ச்சி பண்ணப் போறேன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு அந்தக் கண்ணாடித் துண்டைப் பார்த்தார். "இதை என்ன பண்ணப் போறீங்க மேடம்? கழுவிடலாமா?"

தாஹிரா ஸ்லைடைத் துடைத்தார். பஞ்சில் சுற்றினார். கஸ்பாரின் சட்டைப் பையில் போட்டார்.

"அதே ரத்தத்துல எடுத்த ஜோடி ஸ்லைடு இங்கே இருக்கு. இதை நீங்க கொண்டு போங்க. மூணு காலேஜ்ல எங்கே, முதல் நாளே இதை வெளியில எடுத்துக் காட்ட முடியும்?"

கஸ்பார் திரையை நோக்கித் திரும்பினார். மலையடிவாரக் கல்லூரியை முதல் இடத்துக்கு நகர்த்தினார்.