ஒரே ஓட்டம், இரண்டு நேரம்

நூறு மீட்டரை ஒருத்தி ஒரு தடவை ஓடினால் எத்தனை நேரம் ஆகும்? இதென்ன கேள்வி, ஏதோ ஒரு நேரம்தான் ஆகும் என்பவர்கள் இந்த வழக்கை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். நடுவில் கடைசிப் பத்திக்குத் தாவுகிறவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

தேனிப் பக்கம் ஓர் ஊரில் யோகலட்சுமி என்றொரு பெண். வயது பதினைந்து. ஜூன் மாதம் பள்ளி மைதானத்தில் நூறு மீட்டர் ஓடியபோது அவளுக்குப் பதினான்கரை வினாடி ஆனது. கையும் காலும் ஆளுக்கொரு திசையில் போகும். கிளம்பிப்போன பஸ்ஸைத் துரத்துகிறவள் மாதிரி ஓடுவாள். உடற்கல்வி ஆசிரியை பிலோமினாதான் அவளைப் பிடித்து உட்கார வைத்து, நிற்க வைத்து, முட்டியைத் தூக்க வைத்து, குனிந்து கிளம்புவதை மட்டும் நாளுக்கு நாற்பது தடவை செய்ய வைத்தார். டீச்சருக்கு இருபத்தெட்டு வயது. பாராட்டுவதில் மகா கஞ்சம். "ம்" என்றால் நல்ல ஓட்டம். "ம்ம்" என்று அவர் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

அக்டோபரில் வம்பு வந்தது. யோகாவின் அப்பா ஜக்கையன் வாழைத்தார் ஏற்றும் டெம்போ ஓட்டுகிறவர். மகள் ஓட்டத்தின் மேல் பித்துப்பிடித்து, சொந்தமாக ஒரு ஸ்டாப் வாட்ச் வாங்கிக்கொண்டு தினமும் மாலை மைதானத்துக்கு வந்துவிட்டார்.

அங்கே ஓட்டம் நடக்கும் விதத்தைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். துவக்கக் கோட்டில் யோகாவின் தோழி போதும்பொண்ணு நிற்பாள். வீட்டில் ஐந்தாவது பெண் என்பதால் அந்தப் பெயர். அவளுக்குக் கீழே இன்னும் இரண்டு தங்கைகள் இருப்பது வேறு கதை. கீல் வைத்த இரண்டு பலகைகளைத் தலைக்கு மேலே தூக்கி 'டப்' என்று அடிப்பாள். யோகா பாய்வாள். முடிவுக் கோட்டில் டீச்சரும் ஜக்கையனும் பக்கத்தில் பக்கத்தில். டீச்சர் தூரத்துப் பலகையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும். ஜக்கையனோ தலை குனிந்து, கண்ணை இறுக மூடி, குலசாமியை வேண்டியபடி நிற்பார். 'டப்' கேட்டதும் பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் கண்ணைத் திறப்பார். யோகா வந்து சேரும்போது இருவரும் ஒரே கோட்டைப் பார்த்து வாட்சை நிறுத்துவார்கள்.

"பதிமூணு" என்பார் டீச்சர்.

"பன்னெண்டு புள்ளி ஏழு!" என்பார் ஜக்கையன்.

ஒரு நாள் இரண்டு நாள் என்றால் விட்டுவிடலாம். தினமும் அதே புள்ளி மூன்று வினாடி வித்தியாசம்.

"டீச்சர், உங்க வாட்சு சோம்பேறி வாட்சு" என்றார் ஜக்கையன்.

"அப்ப மாத்திக்குவோம்ணே" என்று டீச்சர் தன்னுடையதை நீட்டினார். மாற்றிக்கொண்டார்கள். மறுபடியும் டீச்சர் கையில் பதிமூன்று, ஜக்கையன் கையில் பன்னிரண்டு புள்ளி ஏழு. அறுபது மீட்டர் மட்டும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் புள்ளி இரண்டாகக் குறைந்தது. அது ஏன் குறைந்தது என்று அங்கே யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றினால் நல்லது.

இதெல்லாம் வெறும் வாய்ச்சண்டை என்றால் நான் ஏன் கதை சொல்லப் போகிறேன்? அந்தச் சனிக்கிழமை மதுரையில் ஒரு விளையாட்டு விடுதிக்குத் தேர்வு. பன்னிரண்டு புள்ளி எட்டு வினாடிக்குள் ஓடினால் இடம், படிப்பு, நல்ல சாப்பாடு, நிஜமான ஓடுதளம். ஓடி அதற்குள் வராவிட்டால் இரண்டு வருஷத்துக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. ஜனவரியிலும் ஒரு தேர்வு உண்டு.

"இப்பவே அனுப்புங்க. எம் மகளை மட்டம் தட்டாதீங்க" என்றார் ஜக்கையன். குலசாமி மேல் சத்தியம் செய்தார், தான் ஒரு புள்ளிகூடக் குறைத்துச் சொல்லவில்லை என்று.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "மட்டம் தட்டுறவளா இருந்தா நாலு மாசம் வெயில்ல நிப்பேனாண்ணே? மாதா சத்தியமா பதிமூணுதான். ஜனவரிக்குப் போகட்டும்."

இருவருமே பொய் சொல்லத் தெரியாதவர்கள் என்பது யோகாவுக்குத் தெரியும். அப்பாவை நம்பினால் டீச்சரைப் பொய்யாக்க வேண்டும். டீச்சரை நம்பினால் அப்பாவை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், விண்ணப்பம் அவள் கையில் இருக்கிறது.

வாட்சுகளில் கோளாறில்லை. மனிதர்களிடமும் வஞ்சகமில்லை. அப்படியானால் எந்த நேரம் நிஜம்? யோகா யார் பேச்சைக் கேட்க வேண்டும்?

விடை: டீச்சர் பேச்சை. மின்னல் முதலில், இடி பிறகு என்பது குழந்தைக்கும் தெரியும். பலகை மோதுவதைக் கண் அப்போதே பார்த்துவிடும். சத்தம் நூறு மீட்டர் நடந்து வந்து காதைத் தொட ஏறக்குறைய புள்ளி மூன்று வினாடி ஆகும். அறுபது மீட்டருக்குப் புள்ளி இரண்டு. டீச்சர் பார்த்து அமுக்கினார், ஜக்கையன் கேட்டு அமுக்கினார். ஒருவர் கண் பலகையில், இன்னொருவர் கண் மூடியபடி. பக்கத்தில் நிற்பவர் என்ன செய்கிறார் என்று இருவருக்கும் எப்படித் தெரியும்? கண்டுபிடித்தது யோகாதான். "நான் ஓடல. போதும்பொண்ணு சும்மா பலகையத் தட்டட்டும்" என்று சொல்லி, முடிவுக் கோட்டில் இருவருக்கும் ஓரமாக நின்று அவர்களுடைய கட்டைவிரல்களை மட்டும் பார்த்தாள். டீச்சர் விரல் முந்தியது, அப்பா விரல் பிந்தியது. விண்ணப்பத்தைப் பைக்குள் வைத்துவிட்டாள். ஜனவரியில், மதுரையில், நடுவர்களின் வாட்சில் பன்னிரண்டு புள்ளி ஏழு ஓடினாள். டீச்சர் "ம்ம்" என்றார். ஜக்கையனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "அப்ப நான் சொன்னதெல்லாம் பொய்யா தாயி?" என்று கேட்டார். யோகா சிரித்தாள். "பொய் இல்லப்பா. மூணு மாசம் முன்னாடியே சொல்லிட்டீங்க."