பார்த்த மிருகம் எழுதும் நோட்டு

"கண் கொட்டாம உக்காந்திருப்பேன். புலியைக் காட்டாமத் திரும்பினே, உன் வேலை போச்சு!" மனைவியோடு ஜீப்பில் ஏறும்போதே அதிகாரி தணிகாசலம் மிரட்டினார். ஓட்டுநர் கெம்பன் தலையாட்டினான்.

காட்டுக்குள் நுழைந்த பத்தாவது நிமிடம் அதிகாரி குறட்டை விட்டார். திரும்பி வந்து சோதனைச்சாவடியில் நின்றபோதுதான் விழித்தார்.

"புலி எங்கேடா?"

"ஐயா தூங்கிட்டீங்களா?"

"நானா? கண்ணையே மூடல!"

"அப்பப் பாத்திருப்பீங்களே!"

அதிகாரி அவசரமாகச் சொன்னார்: "பாத்தேன், பாத்தேன்."

பார்த்த மிருகங்களை எழுதும் நோட்டைக் கெம்பன் நீட்டினான். அதிகாரி 'பெரிய புலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பின்சீட்டிலிருந்த மனைவி கேட்டார்: "நானும் முழிச்சுத்தானே வந்தேன்? ஒரு மயில்தானே வந்துச்சு?"

"எனக்கும் மயில்தாங்கம்மா தெரிஞ்சுது," என்றான் கெம்பன். "புலியைப் பாத்தது ஐயா மட்டும்தான். எழுதியே குடுத்துட்டாரு."